மீனாட்சிக்கு பிளான் போட வந்த அப்பு

வா அப்பு, உக்காரு. பையைத் தரையில வைக்காத, எறும்பு ஏறும். மீனாட்சி கோயிலையும் அதைச் சுத்தி இருக்குற தெருவுகளையும் மறுவடிவமைப்பு பண்ணப் போறியாக்கும்? நல்லா இரு. நாயக்கர் காலத்துலருந்து ஆத்தா ஒன்னையத்தான் எதிர்பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா.

மூஞ்சியத் தூக்காத. கெழவன் வாய் அப்படித்தான். வாலிபத்துலருந்து கரண்டியும் தூக்குக்குண்டும் புடிச்ச கை இது. கோபுரத்துச் சாரத்துல ஏறிச் சுதை வேலை பாத்தவன் நான். எம்புட்டோ திருப்பணி பாத்தாச்சு, எம்புட்டோ பிளானும் பாத்தாச்சு. பிளான் போட்டவுகதான் ஒருத்தரும் ரெண்டாந்தடவை வந்து எட்டிப் பாக்கல.

சரி, படத்தைக் காட்டு. அடேயப்பா, சினிமா செட்டு கெட்டுது போ. தெரு நடுவுல வரிசையா மரம், ரெண்டு பக்கமும் பெஞ்சு. வெள்ளைக்காரத் தம்பதி கை கோத்து நடக்குறாக. சின்னப்புள்ள கையில பலூன். மாடு இல்ல, மல்லியப்பூக்காரி இல்ல, ஜிகர்தண்டா வண்டி இல்ல, தலைக்கு மேல ஒரு வயரு இல்ல. ஏப்பு, இது மதுரைதானா? எல்லாத்தையும் விடு. படத்துல இருக்குற அம்புட்டுப் பேரும் பூட்ஸு போட்டுருக்காகளே, இவுக எந்தக் கோயிலுக்குப் போறாக?

அப்புறம் இந்த மரம். மாசி வீதி நடுவுல வரிசையா நட்டுருக்க. நிழலு நல்லதுதான், நான் வேணாங்கல. சித்திரைத் தேர் எங்கிட்டுப் போகும்? பறந்து போகுமா?

தெரு தெரியாதவன் தெருவுக்குப் பிளான் போட்டா இதான். நல்லாக் கேட்டுக்க. மதில் சுவத்துக்கு உள்ள ஆடி வீதி. வெளிய சித்திரை வீதி, அதைச் சுத்தி ஆவணி மூல வீதி, அதுக்கு அங்கிட்டு மாசி வீதி. வீதிக்கு மாசப் பேரு வச்சதே திருவிழாவை வச்சுத்தான். சாமி பொறப்பாடுதான் இந்த ஊருக்கு அடியளவு. வீட்டைக் கட்டிட்டு மிச்சம் கெடந்த எடத்துல தெரு விட்ட ஊரு இல்ல இது. தேருக்கு எம்புட்டு அகலம் வேணுமோ அதை விட்டுட்டு மிச்சத்துல வீடு கட்டுனாக.

மாசி வீதி மூலையில வடம்போக்கித் தெருன்னு இருக்கே, போயிப் பாத்துருக்கியா? பாத்திருக்க மாட்ட. ஒன் படத்துல அங்கன ஒரு செயற்கை நீரூத்து இருக்கு. தேரு மூலைக்கு வரும்போது வடம் புடிக்கிற சனம் ரொம்ப தூரம் முன்னால நிக்கும். அம்புட்டுப் பேரும் மூலையிலேயே வளைஞ்சா வடமும் வளையும், தேரும் வளையும், வீட்டுச் சுவத்தைப் பேத்துக்கிட்டுப் போகும். அதுக்குத்தான் மூலையைத் தாண்டி நேரா ஒரு தெரு விட்டுருக்காக. சனம் வடத்தோட அதுக்குள்ள நேரா போயிரும். தேரு மூலைக்கு வந்து நின்னதும் முட்டுக்கட்டையைப் போட்டுத் திருப்பி, வடத்தை உருவி அடுத்த வீதிப் பக்கம் போட்டு இழுப்பாக. எந்தக் காலேசுல படிச்சவன் போட்ட கணக்கு அது? நீ அந்த வாயில நீரூத்தை வச்சு அடைக்கிற. கேட்டா அழகுபடுத்துறேங்கிற.

மாசி வீதிக்கு அங்கிட்டு இருக்குற வெளி வீதிக்கும் ஒரு கதை இருக்கு. அங்கன கோட்டைச் சுவரு இருந்துச்சு, அகழி இருந்துச்சு. 1840கள்ல பிளாக்பர்ன்னு ஒரு கலெக்டர், ஊரு நெருக்கடியா இருக்கு, மூச்சு முட்டுதுன்னு கோட்டையை இடிக்கச் சொல்லிட்டான். இடிக்க ஆளு வேணுமே? இடிச்சு அகழியைத் தூத்துறவனுக்கு அந்த எடத்தைக் குடுத்தாக. நம்ம சனம் சும்மா விடுமா? இடிச்சுத் தள்ளிருச்சு. கோட்டையில கடைசியில மிஞ்சுனது பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு துண்டு. இடிச்ச கலெக்டருக்கு ஊரு நன்றியா ஒரு வெளக்குத்தூண் வச்சுச்சு. அதைச் சுத்தித்தான் இன்னைக்கு ஜவுளி எடுக்கக் கூட்டம் அள்ளுது. ஊரைத் திருத்துறதுன்னா இடிக்கிறதுங்கிற நெனப்பு ஒனக்கு முந்தியே வந்துருச்சுன்னு சொல்ல வந்தேன். நீயா கண்டுபிடிச்சதா நெனச்சுக்காத.

தரைக்கு என்னா போடப் போற? கருப்புக் கிரானைட்டா? பளபளன்னு? ஏன் ராசா, சித்திரை மாசத்துல பகல் பன்னெண்டு மணிக்கு அதுல நின்னு பாத்துருக்கியா, வெறுங்காலோட? ஒங்க ஆபீசுல ஒருத்தரும் நிக்க வேணாம், பிளானை மட்டும் அதுல விரிச்சு வச்சுப் பாரு. கோயிலுக்கு வர்ற சனம் செருப்பு இல்லாமத்தான் வரும். பிரகாரம் சுத்துறவுக, தீச்சட்டி எடுக்குறவுக, அங்கப்பிரதட்சணம் உருளுறவுக, எல்லாருக்கும் அந்தத் தரைதான். மொதல்ல காசு செலவழிச்சு வழுவழுன்னு கல்லைப் பாவுறது, அப்புறம் காலு சுடுதுன்னு அதுமேல நார்விரிப்பைப் போட்டு மூடுறது, விரிப்பு காயுதுன்னு அதுக்குத் தண்ணி ஊத்த ஒரு ஆளை வைக்கிறது. நம்ம ஊருக் கோயில்ல வருசா வருசம் நடக்குது. இதுக்கு மண்ணாவே விட்டுருந்தா என்னா கெட்டுப்போச்சு?

கல்லு அடைக்கிறதுல இன்னொரு கேடும் இருக்கு. மழைத் தண்ணி தரைக்குள்ள எறங்காது. எறங்காத தண்ணி சுவத்தோரமா போயி நிக்கும், சுவத்துக்குள்ள ஏறும். வெளிய முனிசிபாலிட்டிக்காரய்ங்க ரோடு போடுறாய்ங்க. பழச சுரண்டி எடுக்காம மேல மேலயே போடுறாய்ங்க. ரோடு ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் ஒசரும், கோயில் நின்ன எடத்துலயே நிக்கும். ஒரு தலைமுறை கழிச்சுப் பாத்தா, படி ஏறிப் போன கோயிலுக்குப் படி எறங்கிப் போகணும். அப்புறம் மழைக்குக் கருவறையில முழங்கால் தண்ணி நின்னுச்சுன்னு பேப்பர்ல படம் போடுவாக. வருண பகவான் வழிபாடு பண்ண வந்தாருன்னு நெனச்சியா?

இப்ப விசயத்துக்கு வாரேன். இந்த நாட்டுல கோயிலைக் கெடுத்தவன் எதிரி இல்ல அப்பு. பக்தன்தான். அதுலயும் கையில காசும் நெஞ்சுல புண்ணியம் தேடுற ஆசையும் வச்சுருக்குற பக்தன். எதையாவது செஞ்சே ஆகணும்னு வருவான். செஞ்சதுல பேரு எழுதணும்பான். ட்யூப்லைட்டு குடுத்தா அதுல வெளிச்சம் வர்ற எடத்துல பாதிக்கு அவுக அப்பா பேரு. கருங்கல் சுவத்துல பாத்ரூம் டைல்ஸ் ஒட்டுவான். தூணுல ஆணி அடிச்சுக் காத்தாடி மாட்டுவான். கல்லு நந்திக்குப் பெயின்ட் அடிச்சுக் கண்ணுக்கு மை தீட்டி விடுவான். வேணாம்னு சொல்லிப் பாரு, நாத்திகனான்னு கேப்பான்.

நீ படிச்சவன், டைல்ஸ் ஒட்ட மாட்ட. ஒனக்கு எல்இடி. கோபுரத்துக்கு ஊதாக் கலரு வெளக்கு, சிவப்புக் கலரு வெளக்கு. அரைகொறையா நிக்குற ராயகோபுரத்தை லேசர் வெளிச்சத்துல முழுசா எழுப்பிக் காட்டப் போறேன்னு வேற எழுதிருக்க. அது மொட்டையா நின்னே ஊருல எல்லாத்துக்கும் தெரியும் ராசா. அதுல பாத்திரக் கடைக்காரய்ங்க பொழச்சாய்ங்க. டைல்ஸ்காரனுக்கும் ஒனக்கும் கல்வெட்டுல பேரு போடுறதுல மட்டுந்தான் வித்தியாசம். அவன் தூணுல போடுவான், நீ அறிக்கையில போடுவ.

மணல் வீச்சு பாத்துருக்கியா? கல்லு அழுக்கா இருக்குன்னு மிசினை வச்சு மணலை அடிப்பாய்ங்க. பீரங்கி கெட்டுது. எண்ணெய்ப் பிசுக்கு போகும். கூடவே சிற்பி உளியால தட்டுன நெளிவு போகும், நெத்தி போகும், மூக்கு போகும், ராசா எழுதி வச்ச கல்வெட்டும் போகும். தேவதாசிக்கு நெலம் குடுத்தது, வெளக்குக்கு ஆடு விட்டது, ஏரியில மடை வச்சது, எல்லாம் அதுலதான இருக்கு? மேல் தோலு உரிஞ்ச கல்லு சொரசொரன்னு ஆயிரும். முன்னவிட வேகமா அழுக்கு புடிக்கும், தண்ணி குடிக்கும். இந்த லச்சணத்தைப் பாத்துத்தான் அறநிலையத் துறையே அதுக்குத் தடை போட்டுச்சு. கோர்ட்டு கேட்டு யுனெஸ்கோ ஆளுக வந்து கோயில் கோயிலாப் பாத்துட்டு, திருப்பணிங்கிற பேருல நடக்குற கூத்தை 2017ல எழுதிக் குடுத்தாக. 2021 ஜூன்ல ஐகோர்ட்டு கோயிலுக்கும் பழஞ்சின்னங்களுக்குமா 75 உத்தரவு போட்டுச்சு. எழுபத்தஞ்சு! ஒரு அழுக்கைச் சொரண்டாம விடச் சொல்றதுக்கு எம்புட்டுக் காயிதம் தேவைப்படுது பாரு.

சுண்ணாம்புதான் என் பாடம். இதுல மட்டும் நீ குறுக்க பேசாத.

சுண்ணாம்புக் கல்லைக் காளவாசல்ல சுடணும். சுட்டதைக் குழியில போட்டுத் தண்ணி விட்டா கொதிக்கும். பக்கத்துல போனா மூஞ்சி வெந்துரும். நீத்துப் போக விட்டு நாள்கணக்கா ஊறப் போடணும். அப்புறம் மணலு சேத்துச் செக்குல போட்டு அரைக்கணும். கல்லு உருள உருள வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். கடுக்காயை நசுக்கித் தனியா ஊற வைக்கணும், வெல்லத்தைக் கரைச்சுப் புளிக்க வைக்கணும், அந்தத் தண்ணியை ஊத்திக் கொழைக்கணும். வெரலு ரெண்டுக்கும் நடுவுல வச்சு நசுக்கிப் பாத்தா நெறுநெறுன்னு ஒரு மணலு தட்டுச்சுன்னா எங்க அப்பன் சட்டியோட திருப்பி ஊத்திருவாரு. அரைச்சவன் அன்னைக்கு முழுக்க ஏச்சு வாங்குவான். அம்புட்டு நேரம் எடுக்கும். அவசரத்துக்குப் பொறந்தவனுக்கு இந்த வேலை ஆகாது.

பூசுனதும் காயாது. மாசக்கணக்காக் காத்தைக் குடிச்சுக் குடிச்சுத்தான் இறுகும். அதுக்கப்புறம் நூறு வருசம் ஆனாலும் சுவத்துல ஏறுற ஈரத்தை வெளிய விட்டுரும். சுவரு மூச்சு விடும். சிமெண்டுக்கு அந்தக் கொணம் கெடையாது. மறுநாளே இறுகி, மேல தோலா ஒக்காந்துக்கும். ஈரம் உள்ள மாட்டிக்கும். உள்ள பழைய செங்கல்லு, பழைய சுண்ணாம்பு. ஈரமும் உப்பும் சேந்து அதை மாவாக்கும். மேல பாத்தா மொழுமொழுன்னு இருக்கும். தட்டிப் பாத்தா டொங்குன்னு சத்தம் வரும். ஒரு நாள் அப்படியே பாளமா விழும், கீழ நிக்கிறவன் தலையில. அப்ப இஞ்சினியரு வருவாரு, பழைய கட்டடம், ஆயுசு முடிஞ்சிருச்சும்பாரு. முடிச்சது யாரு?

மேல்தளத்துலயும் இதே கததான். ஒழுகுதுன்னு சொன்னா ஒரு கான்கிரீட் போடுவாய்ங்க. பன்னெண்டு வருசம் கழிச்சு அடுத்த குடமுழுக்கு வரும். ஒழுகும். அதுமேல இன்னொரு கான்கிரீட். கீழ இருக்குற கல்லு உத்தரம் எம்புட்டு எடையைத்தான் சொமக்கும்? பழசை முழுக்கக் கொத்தி எடுத்துட்டு, சுண்ணாம்புச் சல்லி போட்டு, வாட்டம் பாத்துத் தட்டோடு பதிச்சா ஒரு சொட்டு எறங்காது. கொத்தி எடுக்குறதுக்குத்தான் கூலி அதிகம். எடுத்த வேலை கண்ணுக்குத் தெரியாது பாரு. அதுல எவன் பேரை எழுதுறது?

நான் பழசு பழசுன்னு பெனாத்துறேன்னு நெனைக்காத. கோபுரம் மேல இருக்குற சுதைப் பொம்மையைப் புதுப்பிச்சுத்தான் ஆகணும். அது செங்கல்லும் சுண்ணாம்பும். வெயிலும் மழையும் தின்னத்தான் செய்யும். வடக்கால இருக்குற கோபுரத்துக்கு மொட்டைக் கோபுரம்னு பேரு எப்படி வந்துச்சு? ரொம்ப காலம் மேல்நிலை இல்லாம மொட்டையா நின்னுச்சு. 19ஆம் நூற்றாண்டுல நகரத்தார் முடிச்சு வச்சாக. முடிச்சது தப்பா? இல்ல. பக்கத்துல நிக்குற கோபுரத்தைப் பாத்து, அதே கல்லு, அதே சுண்ணாம்பு, அதே அளவுல முடிச்சாக. முடிச்சும் பேரு மாறல, அதைத்தான் சனம் இன்னைக்கும் மொட்டைக் கோபுரம்ங்குது. அடியில முனியாண்டி உக்காந்திருக்காரு, அவருக்கு எந்த கன்சல்டன்டும் தேவைப்படல.

2018 பிப்ரவரி 2ஆம் தேதி ராத்திரி நீ எங்க இருந்த? காலேசுல இருந்திருப்ப. கெழக்குக் கோபுரத்துக்குப் பக்கத்துல வீரவசந்தராயர் மண்டபம் தீப்புடிச்சு எரிஞ்சுச்சு. உள்ள பூரா கடை. பொம்மை, பாசி, பிளாஸ்டிக்கு, துணி. சாமி பாக்க வர்றவுக கடையைத் தாண்டித்தான் போகணும். தூணுல செதுக்கி வச்சிருந்த பொம்மையைக் கடைக்காரன் தொங்கவிட்ட பொம்மை மறைச்சுச்சு. எரியிறதுக்குத் தோதா எல்லாம் இருந்துச்சு. கருங்கல்லு எரியாதுன்னுதான எல்லாரும் நெனச்சோம்? கல்லு எரியாது, வெடிக்கும். சூடு ஏற ஏற ஏடு ஏடா உரியும். தூணு வெடிச்சு, உத்தரம் ஒடைஞ்சு, கூரை எறங்கிருச்சு. விடிஞ்சு பாத்தா ஊரே தெருவுல நின்னு அழுதுச்சு.

தீ அணைய ஒரு ராத்திரி. தூணு நிக்க எம்புட்டுக் காலம்? அந்த நீளத்துக்கு ஒரே கல்லாப் பழுதில்லாம எங்க கெடைக்கும்னு குவாரி குவாரியா அலைஞ்சு, நாமக்கல் பக்கத்துலருந்து கல்லைக் கொண்டாந்தாக. அதைச் செதுக்கக் கைத்திறன் உள்ள ஆளு வேணும், அப்படிப்பட்டவுக வெரல் விட்டு எண்ணுற அளவுதான் மிச்சம். 2009ல குடமுழுக்கு நடந்துச்சு, பன்னெண்டு வருசக் கணக்குக்கு 2021ல அடுத்தது வந்திருக்கணும். வரல. மண்டபத்துக்காக ஆத்தா காத்துக்கிட்டு கெடந்தா. கடை வாடகைன்னு வாங்குன காசு இந்தச் செலவுல எத்தனை தூணுக்குக் காணும்னு எவனாவது கணக்கு பாத்தானா?

கடையைக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு வந்துச்சு. சரிதான். ஆனா கடைக்காரன்னா திருடன்னு ஒன் அறிக்கையில எழுதிருக்கியே, ‘ஆக்கிரமிப்பு’ன்னு, அங்கதான் எனக்குக் கோவம் வருது. புதுமண்டபத்துல தையக்காரவுக உக்காந்திருந்தாகளே, போயிப் பேசிருக்கியா? சித்திரைத் திருவிழாவுல அழகருக்குத் தண்ணி பீச்சப் போறவுகளுக்கு வேசத்துணி யாரு தைச்சுக் குடுத்தாக? சல்லடம், தொப்பி, சரிகை வச்ச உடுப்பு, அம்புட்டும் அந்தத் தூணுக்கு நடுவுல தைச்சதுதான். அவுகளும் திருவிழாவுல ஒரு அங்கம். திருமலை நாயக்கர் அந்த மண்டபத்தை வசந்த உற்சவத்துக்குத்தான் கட்டுனாரு, நடு மேடையில சாமி, சுத்தி அகழி மாதிரி தண்ணி நிக்கும், கோடையிலயும் குளுகுளுன்னு இருக்கும். ஏசி போடாம ஏசி. தையமிசினும் புத்தகக் கடையும் அதுக்குள்ள இருக்கக் கூடாதுதான். குன்னத்தூர் சத்திரத்துல புதுசா கட்டி அங்க போகச் சொன்னாக, போனாக.

நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். திருப்பணி ஆரம்பிக்கிறப்போ சாமிக்கே பாலாலயம் பண்ணுறோமே. வேலை முடியிற வரைக்கும் ஆத்தாளையும் அப்பனையும் ஒரு தற்காலிக எடத்துல வச்சு, பூசை ஒரு வேளை தவறாமப் பாத்துக்கிறோம். எடத்தை மொதல்ல தயார் பண்ணிட்டுத்தான சாமியைக் கெளப்புறோம்? கடைக்காரனைக் கெளப்புறப்ப மட்டும் ஏன் நோட்டீசு முந்தி வருது, எடம் பிந்தி வருது?

காசி மாதிரி பண்ணலாம்னு பக்கம் முப்பதுல போட்டுருக்க. காசியில 2021 டிசம்பர்ல தொறந்தாக, கங்கைக் கரையிலருந்து விசுவநாதர் சன்னதி வரைக்கும் அகலமா ஒரு வழி. முன்னூறு கட்டடத்துக்கு மேல வாங்கி இடிச்சாக. வயசானவுக கங்கையில முங்கிட்டு நெருக்கித் தள்ளாம சாமி பாக்குறாக, அதுல எனக்குக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அந்தச் சந்து பொந்துல குடியிருந்தவுக? வீட்டுக்குள்ளயே சாமி வச்சுருந்தவுக? காசிங்கிறது அந்தச் சந்தும் சேத்துத்தான். இங்க கங்கையும் இல்ல. எதுவரைக்கும் இடிப்ப? வைகையில தண்ணி வர்ற வரைக்குமா?

மதுரைக்குத் தேவையான சட்டம் ஏற்கெனவே இருக்கு. கோயிலைச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்குள்ள 9 மீட்டருக்கு மேல கட்டக் கூடாது. மூணு தளத்தோட நிறுத்திக்க, அம்புட்டுத்தான். தெற்குக் கோபுரம் 160 அடிக்குக் கொறையாது. அதை எங்கிட்டு இருந்து பாத்தாலும் தெரியணும்னு போட்ட சட்டம். இப்ப லாட்ஜு மாடிமேல லாட்ஜு ஏறி நிக்குது. கோபுர தரிசனம் வேணும்னா ரூம் போடணும், ‘டெம்பிள் வியூ’ன்னு வாடகையைக் கூட்டி வாங்குறாய்ங்க. நீ புதுசா ஒரு விதி எழுத வேணாம். எழுதி வச்ச விதியைக் கையில எடுத்துக்கிட்டு, அளவு நாடாவோட ஒரு தெரு நடந்து பாரு. எத்தனை பேரு ஒனக்கு டீ வாங்கித் தருவாகன்னு பாப்போம்.

ஏழுகடல்னு ஒரு தெப்பக்குளம் கோயிலுக்குக் கெழக்கால இருந்துச்சு. மூடி, மேல வணிக வளாகம் கட்டிட்டாய்ங்க. இப்ப தெருப் பேருல மட்டும் கடல் இருக்கு. வண்டியூர்ல பாரு, நாயக்கர் அரமனைக்குச் செங்கல் அறுக்க மண்ணு வெட்டுன பள்ளந்தான் தெப்பக்குளமாச்சுன்னு சொல்லுவாக, அங்க தோண்டையில கெடைச்சவருதான் முக்குறுணிப் பிள்ளையாருன்னும் சொல்லுவாக. அவுக குழியைக் குளமாக்குனாக. நாம குளத்தைக் கடையாக்குனோம். முன்னேத்தம் எங்கிட்டு இருந்து எங்கிட்டுப் போகுதுன்னு நீயே சொல்லு, படிச்சவன்.

நல்லது நடக்கவே இல்லன்னும் சொல்லல. ஸ்ரீரங்கத்துக்கு ஒரு நடை போயிட்டு வா. அதுவும் நெருக்கடியான ஊருதான், ஏழு பிரகாரத்துல வெளிப் பிரகாரங்கள்ல சனம் குடியிருக்கு, கடை இருக்கு, இட்லிக் கடை இருக்கு. 2015ல குடமுழுக்கு, 2017ல யுனெஸ்கோ விருது. எதைக் கட்டுனதுக்குன்னு நெனைக்கிற? எடுத்ததுக்குத்தான் பெருசா. இடையில வந்தவுக ஒட்ட வச்ச சிமெண்டைக் கொத்துனாக, அடைஞ்சு கெடந்த பழைய மழைத்தண்ணி வாய்க்காலைத் தொறந்து விட்டாக, சுண்ணாம்பை அரைச்சுப் பூசுனாக. தண்ணி பழைய பாதையிலேயே ஓடிருச்சு. வெளிநாட்டுக்காரன் கூப்புட்டுப் பட்டயம் குடுத்தான். கும்பகோணத்துப் பக்கம் துக்காச்சியில பாழடைஞ்சு கெடந்த சிவன் கோயிலைப் பழைய முறையில எடுத்து நிறுத்துனாக, அதுக்கும் விருது வந்துச்சு.

ஒன் கூட்டத்தையும் முழுசா ஏச மாட்டேன். அந்த ட்ரோன் இருக்கே, அது உருப்படி. நாங்க கோபுரத்துல செடி மொளைச்சிருக்கான்னு பாக்கச் சாரம் கட்டணும், உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு ஏறணும். காக்கா எச்சம் போட்டு விழுந்த அரசமர வெதை ஒண்ணு போதும். ரெண்டு எலை விட்டப்ப நகத்தால கிள்ளி எறிஞ்சிரலாம். பத்து வருசம் விட்டா வேரு செங்கல்லுக்குள்ள பூந்து கோபுரத்தையே பொளந்துரும், மரத்தை வெட்டவும் முடியாது, விடவும் முடியாது. அந்த மிசினை மாசத்துக்கு ஒரு தடவை பறக்கவிட்டு, செடி எங்க இருக்குன்னு குறிச்சுக் குடு. ஒவ்வொரு தூணையும் அளந்து படம் எடுத்து வை, நாளைக்கு ஒண்ணு விழுந்தா அளவு தேடி அலைய வேணாம். இந்த ரெண்டுக்கும் ஒனக்கு நான் கையெடுத்துக் கும்புடு போடுவேன்.

ஆனா ஒன் அறிக்கையில செடி புடுங்க எம்புட்டுன்னு ஒரு வரி இருக்கா? தேடு, தேடு. நீரூத்துக்கு இருக்கு, பெஞ்சுக்கு இருக்கு, ‘அனுபவ மையம்’னு ஒண்ணுக்கு இருக்கு. அது என்னா எழவு? கோயிலுக்கு வெளிய நின்னுக்கிட்டு கோயிலை டிவியில பாக்குறதா? உள்ள போயிப் பாத்தா அனுபவம் ஆகாதா? தூம்பு அடைப்பு எடுக்க ஒரு வரி இருக்கா? செக்கு போட்டுச் சுண்ணாம்பு அரைக்க ஒரு எடம்? எனக்கு அடுத்து அரைக்கத் தெரிஞ்ச பயலுக்கு மாசச் சம்பளம்? இல்லையா?

சரி, சோறு தின்னுட்டுப் போ. போறதுக்கு முந்தி ஒரு வேலை சொல்றேன், கேளு. ஐப்பசியில நல்லா அடிச்சு ஊத்துற மழை வரும். அன்னைக்கு ஒங்க ஆபீசுக்கு லீவு சொல்லிட்டு ஆடி வீதியில வந்து நில்லு. மேல மண்டபக் கூரையிலருந்து தூம்பு வழியா தண்ணி பீச்சி அடிக்கும். கொட்டுற தூம்பை விட்டுரு. கொட்டாத தூம்பு எதுன்னு பாரு. அதுக்கு உள்ள தண்ணி நிக்குதுன்னு அர்த்தம், அதுக்குக் கீழதான் உத்தரம் கசியும், அங்கதான் வவ்வாலு புழுக்கையும் குப்பையும் அடைஞ்சு கெடக்கும். அது ஒவ்வொண்ணையும் குறிச்சுக்க. லேப்டாப்பு, போனு ரெண்டும் உள்ள விட மாட்டாக, 2018லருந்து போனுக்குத் தடை. அதனால ஒரு பென்சிலும் துண்டுச் சீட்டும் மடியில சொருகிக்க, நனையாம வச்சுக்க. குறிச்சு எடுத்துட்டு என் வீட்டுக்கு வா, எந்தத் தூம்புக்கு எந்த மண்டபம்னு சொல்றேன்.

கோயிலுக்குள்ள போறப்ப செருப்பை வெளிய விட்டுட்டுப் போ. டோக்கனைத் தொலைச்சுராத, செருப்பு பாத்துக்கிற அம்மா லேசுல தராது.